பென்சிலில் இருப்பவர்கள்

நம் வயதுக்காரர்களுக்கு இது நினைவிருக்கும். மூன்றாம் வகுப்பு வரைக்கும் பென்சில், நான்காம் வகுப்பில் பேனா. நடுவில் ஒரு கோடை விடுமுறை. பென்சிலால் எழுதுகிறவர்கள் பொடிசுகள். எச்சில் தொட்டு அழித்தால் போய்விடுகிறவர்கள். பேனாக்காரர்களோ விரலிடுக்கில் நீலக் கறையோடு, சட்டைப் பையில் ஒரு பொட்டு மசியோடு, உலகத்துக்கே கையெழுத்துப் போடப் பிறந்தவர்கள்போல் நடந்தார்கள். அந்தக் கோடையில் என் அளவுக்குப் பேனாவுக்காக ஏங்கியவள் மயிலாப்பூரில் இன்னொருத்தி இருந்திருக்க மாட்டாள்.

அந்த ஒரு கோடையைத்தான் சொல்ல வந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் மறதியல்ல.

குளத்துக்குப் பின்தெருவில் ஐந்து குடித்தனம் இருந்த ஒரு நீள வீட்டில் எங்களுடையது இரண்டாவது. அப்பா அரசாங்க அலுவலகத்தில் டிராப்ட்ஸ்மேன். பகலில் யாருடைய ஊருக்கோ மதகும் பாலமும் வரைவார். சாயங்காலம் வந்து, கை கால் கழுவி, சாய்வுப் பலகையை நிமிர்த்தி எங்கள் குடும்ப மரத்தை வரைவார். நான் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பே தொடங்கிய வேலை. அதனால் அம்மா அதற்கு மூத்த பிள்ளை என்று பெயர் வைத்திருந்தாள். "மூத்ததைச் சுருட்டிப் படுக்க வெச்சிட்டு வாங்க, சோறு ஆறுது" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும்.

கட்டில் அகலத்துக்கு ஒரே டிரேசிங் பேப்பர். பாலாடை நிறம். விரித்தால் சரசரவென்று தூரத்து மழைபோலச் சத்தம் போடும். உச்சியில் ஒரே ஒரு பெயர், கீழே இரண்டு, பிறகு ஏழு, பிறகு கண்ணுக்கு அடங்காத கூட்டம். சில பெயர்கள் கறுப்பு மசியில், அப்போதுதான் எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்ததுபோல் மினுங்கும். மற்றவை பென்சிலில் சாம்பலாகக் கிடக்கும். பென்சில் பெயர்களின் கீழே பொடி எழுத்தில் அவரவர் வசிக்கும் இடம்: சாந்தோம், தி.நகர், அசோக் நகர். யாராவது வீடு மாறினால் அப்பா அந்த இடத்தை ரப்பரால் அழித்துப் புது இடத்தை எழுதுவார். மசிப் பெயர்களின் கீழே இடம் எதுவும் இருக்காது.

உங்களுக்குப் புரிந்திருக்கும். இருக்கிறவர்கள் பென்சிலில், போனவர்கள் மசியில். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த அந்த விதியை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, ஏனென்றால் எனக்கு அது தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பென்சில் சின்ன கிளாஸ். மசி பெரிய கிளாஸ். பள்ளிக்கூடத்தில் இருக்கிற அதே வழக்கம்தானே.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அந்தத் தாளைச் சுருட்டி, ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டுக்குள் செருகி, இரண்டு பக்கமும் மூடி போட்டு எடுத்துக்கொள்வார். உறவுக்காரர் வீடு வீடாகப் போவோம். ஒருமுறை கண்டக்டர் அந்தக் குழாயைத் தட்டிப் பார்த்து, "இன்னா சார் கீது உள்ள?" என்றார். அப்பாவுக்குப் பொய் வராது. "மரம்" என்றார். கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதுவும் உக்காந்துகினு வருதா, நின்னுகினு வருதா?" என்று கேட்க, பஸ்ஸே சிரித்தது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது இப்போதும் என் கன்னத்தில் இருக்கிறது. அவள்மேல்தான் சாய்ந்திருந்தேன்.

தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு பெரியப்பா, தாளை விரித்ததுமே முகத்தை மாற்றிக்கொண்டார். எந்த இடத்துக்குப் பங்கு கேட்கிறாய், வக்கீல் யார் என்று அப்பாவை விசாரித்தார். பங்கெல்லாம் வேண்டாம், உங்கள் அப்பாவின் அம்மா பெயர் மட்டும் போதும் என்றார் அப்பா. பெரியப்பா வெகுநேரம் யோசித்தார். தெரியவில்லை. தெரியாதது அவருக்கே அவமானமாக இருந்திருக்க வேண்டும், உடனே காபி சொன்னார்.

அதற்குச் சில மாதம் முன்புவரை அப்பாவின் மரத்தில் பெண்களே இல்லை. அவர்கள் இருந்த இடங்களில் ஒரு சிறு வட்டம் மட்டும். அம்மாதான் ஒருநாள் இடுப்பில் கைவைத்து நின்று, "உங்க வம்சத்துல ஆம்பளைங்களே மசக்கையா இருந்து பெத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டாள். அப்பா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். மறுநாளிலிருந்து வட்டங்களுக்குப் பெயர் தேடுவதே அவருடைய வேலையாயிற்று. ஆனால் யாரைக் கேட்டாலும் ஆயா, பெரியாயா, மேட்டு வீட்டு ஆயா. அதற்குமேல் ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்கும் அம்மாதான் வழி சொன்னாள்.

"பொம்பளைங்க பேரு பத்திரத்துல இருக்காதுங்க. பாத்திரத்துல இருக்கும்."

சீர்ப் பாத்திரங்களில் உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவார்களே, அதைச் சொன்னாள். அதன்பிறகு முறை மாறிவிட்டது. கூடத்தில் அப்பா பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க, அம்மா நேராக அடுப்படிக்குப் போவாள். வீட்டுப் பெண்களோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே பரணிலிருந்து பழைய தவலை, குண்டான், தூக்குச்சட்டி எல்லாவற்றையும் இறக்கிக் கவிழ்த்துப் பார்ப்பாள். புளி போட்டுத் தேய்ப்பாள். பச்சைக் களிம்பு விலகி எழுத்து எழுந்து வரும். அவள் வாசலுக்கு வந்து, கை ஈரத்தைப் புடவையில் துடைத்தபடி, யாரும் நூறு வருடமாகச் சொல்லாத ஒரு பெயரைச் சொல்வாள். அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. அவை தாளில் இருக்கின்றன, போதும்.

பங்குனி வந்தது. அறுபத்து மூவர் அன்று மயிலாப்பூரில் வீடிருப்பவர்களுக்கு உறவினர்களுக்கா பஞ்சம்? காலையிலிருந்தே செருப்புகள் வாசலை மூடிக் கிடந்தன. தெருவில் நீர்மோர்ப் பந்தல்கள், விசிறி, சொப்புச் சாமான், அழுகிற பிள்ளைகள். வீட்டுக்குள் அப்பா தாளைத் தரையில் விரித்து நான்கு மூலைக்கும் நான்கு டம்ளர் வைத்து, வந்தவர்களை எல்லாம் உட்காரவைத்துக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார். அன்று சிக்கியவர் சின்னத் தாத்தா, அப்பாவின் சித்தப்பா. எண்பதைத் தாண்டியவர். அவருடைய அம்மா பெயரைக் கேட்டதும், "அம்மாவைப் பேர் சொல்லியாடா கூப்பிட்டோம்? எனக்கு ஆறு வயசுலயே போய்ட்டா" என்றார்.

எங்கள் பரணிலேயே அந்தப் பக்கத்துத் தவலை ஒன்று இருக்கிறது என்று அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. முக்காலி போட்டு ஏறினாள். வலது கையைத் தூக்கினாள். கை பாதியிலேயே நின்றுவிட்டது. இன்னொரு முறை தூக்கப் பார்த்தாள். பிறகு கையை மெல்ல இறக்கி, அக்குள் பக்கம் ஒரு கணம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, நீங்க வந்து எடுங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் மட்டும்தான் கீழேயிருந்து பார்த்தேன். பார்த்தேனே தவிர, பார்த்தது என்னவென்று தெரிந்துகொள்ள எனக்கு எட்டு வயது போதவில்லை.

தவலையைத் தேய்த்து எடுத்து வந்ததும் சின்னத் தாத்தா மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடி போட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்தப் புள்ளிகளை ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். "இதுவாடா எங்கம்மா" என்றார். வெளியே மேளம் நெருங்கிவிட்டது. எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். அவர் மட்டும் வரவில்லை.

பத்து நாளில் அவர் போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள், பட்டப்பகலில், அப்பா பலகையை நிமிர்த்தி மசிப் பேனாவை எடுத்தார். முதலில் சின்னத் தாத்தாவின் கீழிருந்த சாந்தோமை அழித்தார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு பென்சில் எழுத்தின்மேலேயே மசியை ஓட்டினார். ஈரம் மினுமினுத்தது. வீடே நின்று பார்த்தது. பெரிய மரியாதை ஒன்று நடப்பதுபோல் இருந்தது எனக்கு. அம்மா காபியோடு வந்து பின்னால் நின்றாள். ஒரு நிமிடம் பார்த்திருந்துவிட்டு, "எனக்கு எப்போங்க மசி?" என்று கேட்டாள்.

அப்பா திரும்பவில்லை. "உனக்கு என்ன அவசரம்" என்றார்.

அந்த இரண்டு வாக்கியங்களை இத்தனை வருடமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு அன்றே தெரியும். அவருக்கும் தெரியும். மறுநாள் காலை அவர்கள் அடையாறு போனார்கள்.

அடையாறு. அந்தக் காலத்தில் பெரியவர்கள் அந்தச் சொல்லைச் சொன்ன விதம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? புற்றுநோய் ஆஸ்பத்திரி என்று சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். "அடையாறுக்குப் போயிருக்காங்க" என்பார்கள். கேட்டவர் "அச்சச்சோ" என்று அதோடு நிறுத்திக்கொள்வார். நானோ ஆறு, பாலம், தோட்டம் என்று நினைத்துக்கொண்டேன். அங்கே ஒரு பெரிய ஆலமரமும் இருக்கிறது. அதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

அத்தை, அப்பாவின் அக்கா, தி.நகரிலிருந்து சமைக்க வந்தாள். அம்மா திரும்பி வந்தாள். திரும்பவும் போனாள். இரண்டாம் முறை போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். குழந்தைகள் வரக்கூடாது என்றார்கள். எனக்குப் பரீட்சை முடிந்தது. நான்காம் வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்ல ஆளில்லை. அப்பாவிடம் சொன்னேன். பேனா வாங்கித் தருகிறேன் என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஒரு மதியம். அத்தை கூடத்தில் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா அடையாறில். பலகையில் தாள் விரித்தபடியே இருந்தது. சின்னத் தாத்தா மசியில் ஜம்மென்று இருந்தார். அம்மாவின் பெயர், அந்த நாலே எழுத்து, சுருட்டும்போது விரல் படுகிற இடத்தில் இருந்ததால் பென்சில் தேய்ந்து மங்கிப் போயிருந்தது. ஊரிலிருக்கிற பெண்களின் பெயரையெல்லாம் தேய்த்து எடுத்தவள். மசி கேட்டும் கிடைக்காதவள். எனக்கே நான்காம் வகுப்பு. அவளை இன்னும் பென்சிலிலேயே வைத்திருப்பது நியாயமா?

மூச்சைப் பிடித்துக்கொண்டேன், அப்பா செய்ததுபோலவே. முதலில் கீழிருந்த மயிலாப்பூரை அழித்தேன், அதையும் அவர் செய்ததுபோலவே. பிறகு நாலு எழுத்தையும் மசியால் எழுதினேன். கடைசிப் புள்ளி மட்டும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. மற்றபடி அழகாக வந்தது. என் வாழ்க்கையில் நான் மசியால் எழுதிய முதல் சொல் அது.

காய்கிறவரை ஊதினேன்.

முதலில் பார்த்தது அத்தை. அவள் அடித்த அறை எனக்கு வலிக்கவில்லை. அவள் முகம்தான் பயமுறுத்தியது. "பெத்தவ பேரை உன் கையால எழுதிட்டியேடி" என்று சொல்லிக்கொண்டே தன் வயிற்றில் அடித்துக்கொண்டாள். அழகாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா வந்துவிட்டார்.

அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். பாதி பிளேடை எடுத்து, படுக்க வைத்த வாக்கில், அந்த நாலு எழுத்தையும் சுரண்டினார். டிரேசிங் பேப்பரில் விழுந்த மசியை ரப்பரால் எடுக்க முடியாது, சுரண்டித்தான் ஆகவேண்டும். சிரக், சிரக் என்று ஒரு சத்தம். கறுப்புத் தூள் எழும்பியது. ஊதினார். சுரண்டினார். பிறகு கட்டைவிரல் நகத்தால் அந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். சுரண்டிய இடம் சொரசொரப்பாகிவிடும், நகத்தால் வழவழப்பாக்கினால்தான் மறுபடி எழுத முடியும் என்பது அந்த வேலைக்காரர்களின் வழக்கம். ஆனால் அவ்வளவு நேரம் யாரும் தேய்க்க மாட்டார்கள். தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது அந்த இடம் மட்டும் மெலிந்து, பின்னால் இருந்த முருங்கை மரம் அதன் வழியே தெரிந்தது.

மறுநாள் காலை என்னை தி.நகரில் அத்தை வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். தண்டனை என்று நினைத்தேன். இல்லை, அதற்கு முன்பே முடிவு செய்திருந்தார்களாம். அதைச் சொல்லியிருக்கலாம்.

விதியை எனக்குச் சொன்னவள் அத்தை மகள். என்னைவிட மூன்று வயது பெரியவள். மாடிப்படியில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தோம். உப்பு மிளகாய்த்தூளைத் தொட்டுக்கொண்டே சொன்னாள்: "லூசாடி நீ? மசியில எழுதுனா செத்துட்டாங்கன்னு அர்த்தம்."

அந்தப் புளிப்பு என் வாயை விட்டு இன்னும் போகவில்லை.

அதன்பிறகு எனக்கு ஒரே ஒரு காரியம்தான் இருந்தது. அம்மாவைப் பார்க்க வேண்டும். பார்த்து, தெரியாமல் எழுதிவிட்டேன், செல்லாது என்று சொல்ல வேண்டும். அத்தையிடம் கேட்டேன். குழந்தைகளை விடமாட்டார்கள் என்றாள். காலையிலும் கேட்டேன், சாயங்காலமும் கேட்டேன். பாண்டி பஜாரில் ரிப்பன் வாங்கித் தந்தாள். வீட்டுக்குக் கீழே கடைத்தெருவில் ஜனம் சாமான் வாங்கிக்கொண்டே இருந்தது. இத்தனை பேர் இத்தனை பைகளோடு போகிறார்களே, இவர்களில் ஒருவர்கூட அடையாறு பக்கம் போகமாட்டாரா என்று பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன்.

அப்பா இரண்டு ஞாயிறு வந்தார். இரண்டாம் முறை பச்சை நிறத்தில் பேனா கொண்டுவந்தார். நான் தொடவில்லை.

"அம்மா பேரை மறுபடி எழுதிட்டீங்களாப்பா?"

"ம்."

"எதுல?"

"பென்சில்ல."

"அழுத்தி எழுதுனீங்களா?"

அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். முதுகைத்தான் பார்த்தேன். அங்கிருந்தே, "ம்" என்றார்.

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் அம்மா இறந்தாள். அந்த நாளைப் பற்றி எழுத என்னிடம் துண்டுகள்தான் இருக்கின்றன. எங்கள் வாசலில் மறுபடி செருப்புகள். தண்ணீர் லாரி தெருவுக்குள் வரமுடியாமல் ஹார்ன் அடித்தது. அம்மாவின் வலது கை மட்டும் வீங்கியிருந்தது. நான் பலகையைப் பார்த்தேன். அதில் தாள் இல்லை.

நான்காம் வகுப்பில் பேனாவைத் திறக்க என் கை வரவில்லை. பென்சிலால் எழுதினேன். டீச்சர் முட்டியில் ஸ்கேலால் அடித்தார். பிறகு யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அரைப்பரீட்சை வரை நான் பென்சிலால் எழுதலாம் என்று விட்டுவிட்டார். அந்தச் சலுகைக்கு அடியே பரவாயில்லை என்று இருந்தது.

அடுத்த வருடம் அசோக் நகருக்குக் குடிபோனோம். குழாய் பரணுக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எங்கும் போகவில்லை, யாரையும் பெயர் கேட்கவில்லை. மரம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். எனக்குக் கல்யாணமாயிற்று, மகள் பிறந்தாள், வேறு வேறு இடங்களுக்குப் போனேன். கடைசியில் அடையாறிலேயே வீடு அமைந்தது. அவர் மட்டும் அசோக் நகரில், அதே வாடகை வீட்டில் இருந்தார். போன தை மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு பரணிலிருந்து குழாயை இறக்கினேன். அத்தை மட்டும் இருந்தாள். இப்போது அவளுக்கும் எண்பதுக்கு மேல். தாளை விரிக்கும் சத்தம் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம், நான் எதுவும் கேட்காமலே, சுவரைப் பார்த்தபடி பேசினாள்.

"நீ மசியில எழுதுனதை உங்கப்பன் அவகிட்ட போய் சொல்லிட்டான். அவ்வளவு வலியில சிரிச்சாடி. 'நான் கேட்டதுக்கு அவதான் குடுத்திருக்கா. கூட்டிட்டு வாங்க அண்ணி, எந்தக் கையால எழுதுனான்னு பாக்கணும்'னா. தோட்டத்துல நாற்காலி போட்டு வெளிய உக்கார வெச்சுப் பிள்ளைங்களைக் காட்டுவாங்க. நான்தான் வேணாம்னேன். உன்னைப் பாத்தா உசுரு போவாம இழுத்துக்கிட்டுக் கெடக்கும்னு நெனச்சேன். நல்லதுக்குன்னுதான் நெனச்சேன்." விரலால் சுவரைத் தடவினாள். "தெனம் கேட்டா."

நான் எழுந்துபோய் அத்தைக்குக் காபி போட்டேன். ஆற்றிக் கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கும்வரை டம்ளரை நானே பிடித்துக்கொண்டேன்.

பிறகுதான் தாளைப் பார்த்தேன். மரம் முடிந்திருக்கவில்லை. என் கணவர் பெயர் இருந்தது, என் மகள் பெயர் இருந்தது. என் பெயரின் கீழே நான் குடியிருந்த வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அழிக்கப்பட்டு, கடைசியில் அடையாறு என்று இருந்தது. வீட்டில் யாரும் இல்லாத நேரங்களில் அவர் மட்டும் உட்கார்ந்து செய்துகொண்டே இருந்திருக்கிறார்.

அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் அந்த மெலிந்த இடம். அதில் அம்மாவின் நாலு எழுத்து, பென்சிலில். மங்கவில்லை. மங்க மங்க மேலே எழுதியிருக்கிறார், அழுத்தி. அதன் கீழே பொடி எழுத்தில் அசோக் நகர் என்று இருந்தது.

அம்மா அசோக் நகரைப் பார்த்ததே இல்லை. வீடு மாறியபோது அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

பேனாவை எடுத்தேன். அப்பாவின் கீழிருந்த அசோக் நகரை அழித்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் பெயரை மசியால் எழுதினேன். இந்த முறை புள்ளி சரியாக விழுந்தது. ஊதவில்லை, தானாகக் காயட்டும் என்று விட்டேன்.

அப்புறம் பென்சிலைச் சீவினேன். அம்மாவை என்னோடு அடையாறுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றுதான். ரப்பரை எடுத்துக்கொண்டு தாளை வெளிச்சத்தில் பிடித்தேன். பிளேடும் நகமும் முப்பது வருட ரப்பரும் பட்டு, அந்த இடம் வெங்காயத் தோல்போல ஆகியிருந்தது. என் விரல்கள் அதன் வழியே தெரிந்தன. இன்னொரு முறை தேய்த்தால் கிழிந்துவிடும். ரப்பரைக் கீழே வைத்தேன்.

போன வாரம் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டேன். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்களாம். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.